முள்ளந்தண்டுக்குள் இரண்டு மில்லிமீற்றர்

முதுகு பிடித்துக்கொண்டது என்றால் ஹெந்தளை வீடுகளில் முதலில் வெளியே வருவது சித்தாலேபக் குப்பி. கேட்காவிட்டால் இரண்டு பனடோல். அதற்கும் மசியாவிட்டால் வத்தளைப் பக்கம் யாராவது எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள். முதுகுவலிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வைத்தியத்திலோ, வைத்தியமே இல்லாமலோ சில வாரங்களில் ஆறிவிடும். அதனால்தான் ஆபத்தான சில வலிகள் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்கின்றன.

சில வருடங்களுக்கு முன் மார்பில் கட்டி எடுத்த பெரியம்மாவுக்கு, ப்ரொஸ்டேட் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும் மாமாவுக்கு, புற்றுநோயால் சிறுநீரகங்களில் ஒன்றை இழந்தவருக்கு வருகிற முதுகுவலி வேறு கணக்கு. படுத்தால் குறைய வேண்டிய வலி படுத்தால் கூடும். இரவில் எழுப்பிவிடும். இருமினாலோ மலம் கழிக்க முக்கினாலோ சுரீரென்று ஏறும். நெஞ்சைச் சுற்றிப் பட்டி போட்டு இறுக்கியதுபோல் இருக்கும். பிறகு ஒரு நாள் படியேறும்போது கால் கொஞ்சம் தள்ளாடும். "வயசு போகுதுதானே அக்கா" என்று சொல்லி விட்டுவிடுகிற இடம் இதுதான். அங்கே விடக்கூடாது.

ஸ்கொட்லாந்தில் இதைப் பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது; 2002இல் வெளியானது. புற்றுநோய் முள்ளந்தண்டில் பரவி முண்ணாணை நெரித்த 319 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் முதலில் வந்தது வலி. அந்த வலி தொடங்கி, நோய் இன்னதென்று கண்டுபிடிக்கும்வரை சராசரியாக மூன்று மாதம் போயிருந்தது. கண்டுபிடித்த நாளில் அவர்களில் 82 வீதமானோர் நடக்க முடியாமலோ, பிறர் கைகொடுத்தால் மட்டுமே நடக்கக் கூடியவர்களாகவோ இருந்தார்கள். நாலில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோருக்குத் தமக்குப் புற்றுநோய் இருப்பதே அதற்கு முன் தெரியாது. நல்ல வைத்திய வசதி உள்ள நாட்டின் நிலை இது.

புற்றுநோய் ஏன் முள்ளந்தண்டைத் தேடிப் போகிறது? 1940இல் பிலடெல்பியாவில் ஒஸ்கார் பாட்சன் என்ற உடற்கூற்றியல் பேராசிரியர் இதற்கொரு விளக்கம் கொடுத்தார். முள்ளந்தண்டைச் சுற்றி ஒரு நாளவலை இருக்கிறது. கை கால் நாளங்களில் இரத்தத்தை ஒரே திசையில் போகவைக்கும் வால்வுகள் உண்டு; இந்த வலையில் அவை இல்லை. இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடினால் இடுப்புப் பகுதியின் இரத்தம் எதிர்த்திசையில் முள்ளென்புகளுக்குள் ஏறிவிடும். ப்ரொஸ்டேட்டிலிருந்து கழன்ற ஒரு கலம் நுரையீரல் வழியாகச் சுற்றாமலே இடுப்பு முள்ளென்புக்கு வந்து சேரலாம். இது முழுக் கதையும் ஆகாது. எலும்பு மச்சையின் மண்வளமும் இதில் பங்கு வகிக்கிறது. ஆனால் மார்பகம், ப்ரொஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைரொயிட் ஆகியவற்றின் புற்றுநோய்கள் எலும்புக்குப் போனால் முள்ளந்தண்டில் தங்குவது ஏன் அதிகம் என்பது இதில் ஓரளவுக்குப் புரிகிறது.

முள்ளென்பின் முன்பகுதியில் குடியேறிய கட்டி பின்பக்கமாக வளர்ந்தால் அங்கே முண்ணாண் இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கும் அந்த நரம்புக்கற்றை ஒரு சுண்டுவிரல் அளவு தடிப்புத்தான். கால் அசைவது, மூத்திரம் அடங்குவது எல்லாம் அதன் வழியாகத்தான். அது எலும்புக்குழாய்க்குள் அடைபட்டிருப்பதால் ஒதுங்குவதற்கு இடமில்லை.

இதற்கு நெடுங்காலமாக உள்ள சிகிச்சை கதிர்வீச்சு. சனங்கள் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வது. நோயுள்ள முள்ளென்பையும் மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் சேர்த்து ஒரு பெட்டி வரைந்து, அதற்குள் கதிரைச் செலுத்துவார்கள். கதிரின் அளவை எண்ணும் அலகு கிரே. ஒரே நாளில் 8 கிரே, அல்லது ஐந்து நாளில் 20 கிரே, அல்லது பத்து நாளில் 30 கிரே. பெட்டிக்குள் கட்டியும் இருக்கும், முண்ணாணும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு கதிர். 8 கிரேயை முண்ணாண் ஒரு தடவையில் தாங்கிக்கொள்ளும். ஒரே தடவையில் 13, 14 கிரேக்கு மேல் போனால் ஆபத்து தொடங்குகிறது; பல மாதங்கள் கழித்து, புற்றுநோயால் அல்லாமல் கதிராலேயே கால்கள் செயலிழக்கலாம். கட்டியை நன்றாக அடக்க அதைவிடக் கூடிய அளவு வேண்டும். அந்தக் கூடிய அளவைக் கட்டிக்குக் கொடுத்து, இரண்டு மூன்று மில்லிமீற்றர் தள்ளியிருக்கும் முண்ணாணில் சட்டென்று குறைப்பதுதான் கதிர்க் கத்தி என்று சொல்லப்படும் ரேடியோசர்ஜரியின் வேலை. இதில் வெட்டு இல்லை, தையல் இல்லை, மயக்க மருந்தும் தேவையில்லை.

இந்தக் கருத்து மூளையில் பிறந்தது. சுவீடனின் லார்ஸ் லெக்செல் 1951இல் இதை எழுத்தில் வைத்தார். 1968இல் ஸ்டொக்ஹோமில் முதலாவது காமா நைஃப் இயங்கத் தொடங்கியது. நோயாளியின் மண்டையோட்டில் ஒரு உலோகச் சட்டத்தைத் திருகி இறுக்கிவிடுவார்கள். தலை அசையாது, சட்டத்திலிருந்து அளந்தால் மூளைக்குள் எந்த இடமும் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். மண்டையோட்டுக்கு இது சரி. முதுகுக்கு எங்கே சட்டம் மாட்டுவது? மனிதன் மூச்சு விடுகிறான், வலியில் நெளிகிறான், தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை வழுக்குகிறது.

அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் அலன் ஹமில்ற்றனும் அவருடைய குழுவினரும் அதையும் செய்து பார்த்தார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, மயக்கி, முதுகைக் கீறி, முள்ளென்பின் பின்முனைகளை ஒரு சட்டத்தோடு இறுகப் பிடித்து, அந்த நிலையிலேயே கதிர் கொடுத்தார்கள். 1995இல் அந்த அனுபவத்தை வெளியிட்டார்கள். ஏற்கெனவே கதிர்வீச்சு முடிந்து, வேறு வழியில்லாமல் நின்ற சிலருக்குச் செய்தது அது. இவ்வளவு வேதனை தரும் முறை பரவாது என்பது அப்போதே தெரிந்தது. ஆனால் முள்ளந்தண்டிலும் இது முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

சட்டத்தைக் கழற்றிய பெருமை ஜோன் அட்லருக்கு. லெக்செலிடம் போய்ப் பயின்ற நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் அவர். ஸ்டான்ஃபோர்ட் திரும்பியபின் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: நோயாளியை அசையாமல் இறுக்குவதற்குப் பதிலாக, அவர் அசைவதை இயந்திரமே பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டால் என்ன? அப்படிப் பிறந்தது சைபர்நைஃப். கார்த் தொழிற்சாலைகளில் காண்கிற மாதிரி ஒரு ரொபோ கை. அதன் நுனியில் லினாக் எனப்படும் கதிர்வீச்சு இயந்திரம், சிறிய அளவில். 1994இல் ஸ்டான்ஃபோர்டில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. 2001இல் உடம்பின் எந்தப் பகுதியிலும் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 2009இல் அந்த இயந்திரம் சென்னைக்கு, தேனாம்பேட்டையிலுள்ள அப்பல்லோ புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் இயந்திரங்களில் அதுவும் ஒன்று. கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இந்தப் பெயர் பழக்கத்துக்கு வந்தது அப்படித்தான்.

சிகிச்சை அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். நோயாளி ஒரு மெத்தையில் படுப்பார். அதற்குள் காற்றை உறிஞ்சினால் அவருடைய முதுகின் வடிவத்திலேயே அது கெட்டியாகிவிடும். கூரையில் இரண்டு எக்ஸ்ரே குழாய்கள், தரையில் அவற்றுக்கான இரண்டு ஏந்திகள். இரண்டு கோணத்தில் படம் பிடித்ததும் கொம்பியூட்டர் அதை, திட்டமிடும்போது எடுத்த சீ.ரி. ஸ்கேனோடு ஒப்பிடும். முள்ளென்பின் விளிம்புகளே அடையாளக் குறிகள். எலும்பு ஒரு மில்லிமீற்றர் வலப்பக்கம் போயிருக்கிறதா, ஒரு பாகை திரும்பியிருக்கிறதா என்று கணக்குப் போட்டு ரொபோ தன் கையை அந்த அளவுக்கு நகர்த்திக்கொள்ளும். பிறகு ஒரு திசையிலிருந்து ஒரு மெல்லிய கதிர், அடுத்து வேறு திசை, இடையில் மறுபடி படம். நூற்றுக்கும் மேற்பட்ட கதிர்கள் இப்படி வந்து கட்டியில் ஒன்றையொன்று சந்திக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே பலவீனமானது. கூடும் இடத்தில் மட்டும்தான் பலம். முக்கால் மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம்வரை போகும். நோயாளிக்கு எதுவும் சுடாது, வெளிச்சமும் தெரியாது. கஷ்டம் என்றால் நோகிற முதுகோடு மல்லாந்து கிடப்பதுதான். அதற்காக முன்கூட்டியே வலி மருந்து கொடுப்பார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தயங்கக்கூடாது.

ரொபோ இல்லாத சாதாரண லினாக்கிலும் இதைச் செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். புதிய லினாக்குகளில் சிகிச்சை மேசையிலேயே சுற்றிவந்து சீ.ரி. படம் எடுக்கும் வசதி இருக்கிறது. படத்தைப் பார்த்து மேசையை நகர்த்தி, சாய்த்து, நேராக்குவார்கள். உலகில் முள்ளந்தண்டு ரேடியோசர்ஜரியில் பெரும்பங்கு இன்று இப்படித்தான் நடக்கிறது. இயந்திரத்தின் பெயரைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. முண்ணாணின் எல்லையை எம்.ஆர்.ஐ. படத்தில் கையால் வரைகிற வைத்தியரும், அளவைச் சரிபார்க்கும் பௌதிகவியலாளரும் எத்தனை முள்ளந்தண்டு பார்த்தவர்கள் என்பதே பெரிய விஷயம்.

இனி முக்கியமான கேள்வி. பழைய முறையைவிட இது உண்மையில் நல்லதா?

2021இல் கனடாவிலிருந்து ஒரு பதில் வந்தது. டொரன்டோ சன்னிபுரூக் வைத்தியசாலையின் அர்ஜுன் சாகல் தலைமையில் 229 பேரை வைத்து நடந்த ஆய்வு. பாதிப்பேருக்கு இரண்டு நாளில் 24 கிரே துல்லியமாக; மற்றப் பாதிக்குப் பழைய முறையில் ஐந்து நாளில் 20 கிரே. மூன்று மாதத்தின் பின் வலி முற்றாக நின்றவர்கள் முதல் குழுவில் 35 வீதம், இரண்டாவது குழுவில் 14 வீதம். இரண்டு மடங்குக்கும் மேல். ஸ்காபரோவிலிருந்து மருமகன் அழைத்து, "மாமி, அம்மாவுக்கு இதைத்தான் செய்ய வேணும்" என்று சொல்வதற்குப் பின்னால் இப்படியான ஆய்வுகள் இருக்கின்றன. அவர் சொல்வது பிழையில்லை.

ஆனால் 2023இல் அமெரிக்காவிலிருந்து வேறொரு பதில் வந்தது. சாமுவேல் ரியூ இந்தத் துறையை வளர்த்த முன்னோடிகளில் ஒருவர். அவர் தலைமையில் 339 பேர். ஒரு பக்கம் ஒரே நாளில் 16 அல்லது 18 கிரே ரேடியோசர்ஜரி. மறுபக்கம் ஒரே நாளில் சாதாரண 8 கிரே. மூன்று மாதத்தில் வலி குறைந்தவர்கள் ரேடியோசர்ஜரிக் குழுவில் 41.3 வீதம், சாதாரண 8 கிரேக் குழுவில் 60.5 வீதம். புதியது வெல்லவில்லை. தாம் நம்பி வளர்த்த சிகிச்சையை நேர்மையாகச் சோதித்து, வந்த முடிவை அப்படியே வெளியிட்ட அந்தக் குழுவுக்கு மரியாதை செய்ய வேண்டும்.

இரண்டு ஆய்வும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். கதிரின் அளவு வேறு, நாள் கணக்கு வேறு, வலியை அளந்த விதம் வேறு. வல்லுநர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அமெரிக்க முடிவு பலருக்கு ஏமாற்றம். ஹெந்தளையிலிருந்து பார்த்தால் அது பெரிய ஆறுதல். ஏனென்றால் அந்த 8 கிரேயை மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் காசில்லாமல் கொடுக்கிறார்கள். காணியை விற்று விமானம் ஏற முடியாத குடும்பம் தன் தாய்க்கு இரண்டாந்தர வைத்தியம் பார்த்துவிட்டோம் என்று குமைய வேண்டியதில்லை. வலியைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், அந்த ஒரு நாள் சிகிச்சை உலகத் தரமான சிகிச்சை.

அப்படியானால் ரேடியோசர்ஜரி யாருக்கு? சில பேருக்கு அது பழைய முறையால் கொடுக்க முடியாததைக் கொடுக்கிறது. சிறுநீரகப் புற்றுநோயும் மெலனோமாவும் சாதாரண அளவுக்கு இலகுவில் பணியாதவை. பெரிய அளவு கொடுத்தால் அடங்குகின்றன. ஏற்கெனவே அதே இடத்தில் கதிர் வாங்கியவருக்கு முண்ணாணில் மிச்சமிருக்கும் தாங்குசக்தி கொஞ்சந்தான்; மறுபடி பெட்டி வரைந்து அடிக்க முடியாது. உடம்பில் சில இடங்களில் மட்டும் பரவி, மற்ற எல்லாம் கட்டுப்பாட்டில் உள்ளவர்களும் இந்தப் பட்டியலில் வருவார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படியான 99 பேரில் பரவிய இடங்களுக்கும் துல்லியக் கதிர் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 41 மாதம்; பெறாதவர்களுக்கு 28. அதே ஆய்வில் சிகிச்சையின் விளைவாகவே மூன்று பேர் இறந்திருக்கலாம் என்றும் பதிவாகியிருக்கிறது. இரண்டு எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பக்கவிளைவுகளும் உண்டு. முதல் சில நாட்களில் வலி திடீரென்று கூடலாம். நோய் முற்றிவிட்டது என்று வீடே பதறும். பெரும்பாலும் அது கட்டி வீங்குவதால் வரும் தற்காலிக வலி. டெக்ஸாமெதசோன் மாத்திரையில் அடங்கிவிடும். இன்னொன்று பாரதூரமானது. கட்டி தின்ற எலும்பு கதிருக்குப் பின் நொறுங்கலாம். 410 முள்ளென்புகளைப் பின்தொடர்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வில் 57, அதாவது 14 வீதம், நொறுங்கின. ஒரே நாளில் கொடுத்த அளவு கூடக்கூட ஆபத்தும் கூடியது.

முண்ணாண் ஏற்கெனவே நெரிபட்டு, கால் பலமிழக்கத் தொடங்கியவருக்கு ரேடியோசர்ஜரி மட்டும் போதாது. திட்டம் போடவே சில நாட்கள் எடுக்கும். அவ்வளவு அவகாசம் அங்கே இல்லை. கென்டக்கியின் ரோய் பாட்செல் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதில் திருப்புமுனை. 101 பேரில், முதலில் சத்திரசிகிச்சை செய்து நெரிசலை எடுத்து, பிறகு கதிர் கொடுத்தவர்களில் 84 வீதமானோர் நடந்தார்கள். கதிர் மட்டும் பெற்றவர்களில் 57 வீதம். அன்றுவரை, புற்றுநோய் முதுகுக்கு வந்துவிட்டதே, இனி வெட்டி என்ன பயன் என்று இருந்த மனநிலையை அந்த எண்கள் மாற்றின. நியூயோர்க்கில் மார்க் பில்ஸ்கி குழுவினர் இரண்டையும் இணைத்தார்கள்: கட்டி முழுவதையும் எடுக்கப் போகாமல், முண்ணாணைச் சுற்றி ஓரிரு மில்லிமீற்றர் இடைவெளி மட்டும் கிடைக்கும்படி வெட்டுவது; மிச்சத்தைத் துல்லியக் கதிரிடம் விடுவது. வயதானவர் ஒருவர் தாங்கக்கூடிய சத்திரசிகிச்சை அது.

ஹெந்தளைக்கு நோயை ஒளிக்கிற பழக்கத்தின் துயரம் புதிதில்லை. ஒல்லாந்தர் 1708இல் தொழுநோயாளருக்கென்று கட்டிய வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது. அந்த நோயை முழுமையாகக் குணமாக்கும் மருந்து வந்தபிறகும், வெட்கத்தால் ஒளித்தவர்கள் விரல்களை இழந்தார்கள். புற்றுநோயிலும் அதே வேலை நடக்கிறது. மகளின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று தாய் தன் மார்புக் கட்டியை மறைக்கிறாள். பழைய நோயைக் குடும்ப வைத்தியரிடம் சொல்லாமல் முதுகுவலிக்கு மட்டும் மருந்து கேட்கிறாள். "எனக்கு முன்னம் கேன்சர் வந்தது டொக்டர்" என்ற ஒரு வசனத்தைச் சொன்னால் அவர் எக்ஸ்ரேயோடு நிற்கமாட்டார், எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவார். எலும்பில் பாதியளவு கரைந்தபிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியும்.

ஆனால் புற்றுநோயை எதிர்க்க இலங்கைக்கு மனமில்லாமல் இல்லை. 2011 ஜூலையில் நாதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும் தெவுந்தரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை காசு திரட்ட 27 நாள் நடந்தார்கள், கூடவே ஆயிரக்கணக்கானோர். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது அந்தக் காசில். 2016இல், புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்த எம்.எஸ்.எச். முகமத் முன்னின்று, மகரகமவுக்கு, உடம்பு முழுவதிலும் புற்றுநோயைத் தேடிக் காட்டும் ஒரு பெற் ஸ்கேன் இயந்திரம் வாங்க 20 கோடி ரூபாய் திரட்டினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பார்க்காமல் பணம் வந்தது. அந்த ஸ்கேனுக்கும் இந்த விஷயத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. முள்ளந்தண்டில் ஒரு புள்ளிதான் என்று நம்பி ரேடியோசர்ஜரி செய்தபின் இன்னும் பத்து இடத்தில் நோய் இருப்பது தெரியவந்தால், பட்ட சிரமமும் செலவும் வீண்.

சென்னைக்குப் போகத் தீர்மானிக்கும் குடும்பங்கள் அங்கே வைத்தியரிடம் நேராகக் கேட்க வேண்டிய சில கேள்விகள் உண்டு. நோக்கம் வலியைக் குறைப்பதா, நோயை அந்த இடத்தில் நீண்டகாலம் அடக்குவதா? எலும்பு உறுதியாக நிற்கிறதா, அல்லது முதலில் திருகாணி போட்டுத் தாங்க வேண்டுமா? 8 கிரேயைவிட இதனால் இந்த நோயாளிக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கும்? நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளால் கோபப்படமாட்டார். "உங்களுக்கு இது வேண்டாம், ஊரிலேயே செய்யலாம்" என்று திருப்பி அனுப்பும் வைத்தியர்களும் அங்கே இருக்கிறார்கள்.

போகும்போது கொண்டுபோக வேண்டியவற்றில் ஒன்று பெரும்பாலும் வீட்டில் தங்கிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. சீ.டி.யும் பயொப்சி அறிக்கையும் பையில் ஏறிவிடும். பல வருடத்துக்கு முன் வாங்கிய கதிர்வீச்சின் விவரம் ஏறாது. எந்த முள்ளென்புக்கு, எத்தனை கிரே, எத்தனை நாளில் என்ற அந்தக் கடதாசி இல்லாவிட்டால், முண்ணாண் ஏற்கெனவே எவ்வளவு தாங்கியிருக்கிறது என்பது புதிய வைத்தியருக்குத் தெரியாது. பயந்து அளவைக் குறைப்பார், அல்லது சிகிச்சையையே மறுப்பார். கதிர்வீச்சு முடிகிற அன்றே கிளினிக்கில் அந்த விவரத்தை எழுதிக் கேட்டு வாங்கி, டயக்னோசிஸ் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். பழையது தொலைந்திருந்தால், சிகிச்சை பெற்ற வைத்தியசாலையின் கதிர்வீச்சுப் பிரிவில் பெயரையும் கிளினிக் இலக்கத்தையும் கொடுத்து, விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டுப் பார்க்க வேண்டும்.